தகுதியும் தருணமும்

மழை நனைத்த ஆடுகளத்திற்கென்று ஓர் அணியைத் தேரும்போது, அழைக்கப்பட்டவன் உயர்ந்தவன் என்றும் நிறுத்தப்பட்டவன் தாழ்ந்தவன் என்றும் ஆகிவிடுமா என்பது, விளையாட்டைக் கடந்த தத்துவ விசாரமாகும்.

2021 ஜூனில் சவுத்தாம்ப்டனில் நடந்த உலக டெஸ்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டிக்கு, அஸ்வின், ஜடேஜா என்ற இரு சுழற்பந்து வீச்சாளருடன் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட இந்திய அணி, முதல் நாள் முழுவதும் மழையில் கழிந்த பின்னும் மாற்றப்படவில்லை. அஸ்வின் நான்கு விக்கெட்டுகள் வீழ்த்தியும், சுழற்பந்து வீச்சாளர் எவருமின்றி ஆடிய நியூசிலாந்தே வென்றது. 2023 ஜூனில் நடந்த அடுத்த இறுதிப்போட்டியில், ஓவல் மைதானத்தின் மேல் கவிந்து வேகப்பந்து வீச்சுக்குத் துணைநின்ற மேகத்தைக் கருதி, உலகத் தரவரிசையில் முதலிடத்திலிருந்த அதே அஸ்வின் விலக்கப்பட்டார். ஆஸ்திரேலியாவிடம் 209 ஓட்ட வித்தியாசத்தில் தோல்வியே கிட்டியது. ஆகவே பலனைக் கொண்டு தேர்வின் தர்மத்தை அளத்தல் இயலாது.

இவ்விசாரத்திற்குச் சங்கரன்கோவில் ஸ்தலபுராணம் ஒளி தருகிறது. சிவனே பெரியவர் எனச் சங்கன் என்ற நாகனும், திருமாலே பெரியவர் எனப் பதுமன் என்ற நாகனும் வாதிட, கோமதியம்மையின் தவத்திற்கு இரங்கிய இறைவன், ஒரே திருமேனியில் பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் காட்சியளித்தான். அழித்தலும் காத்தலும் தருணத்திற்கேற்ற தொழில் பேதமேயன்றி மகிமையின் ஏற்றத்தாழ்வு அன்று என்பதே, அத்தவத்தை நினைவுகூரும் ஆடித் தபசு விழா ஆண்டுதோறும் உணர்த்தும் சத்தியம்.

எனவே தேர்வாளன் வானத்தையும் மண்ணையும் ஆராய்ந்து, பாரபட்சமின்றித் தீர்மானிக்கக் கடமைப்பட்டவன். ஆனால் தருணத்தின் தேவையை மனிதனின் மதிப்பாக மாற்றி எழுத அவனுக்கோ, பார்த்திருக்கும் நமக்கோ அதிகாரமில்லை.