வழி கேட்போரும் வழி காட்டுவோரும்

அறியாத ஊரில் வழி கேட்கும் ஒருவனுக்கு வழி சொல்லுதல் அறமா, அன்றி வெறும் உபசாரமா? இஃதொரு சிறு வினாவெனத் தோன்றலாம். ஆயின் ஊன்றிச் சிந்திக்குங்கால், மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அறிய இது நல்லதோர் உரைகல்லாக விளங்குவது தெரியும்.

அண்மையில் பிரயாணம் ஒன்றின் இடையே, பாலக்காட்டு ரயில் சந்திப்பில் அடுத்த வண்டிக்காக நான்கு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. முன்னர் ஒலவக்கோடு என வழங்கிய இந்நிலையம், நகரின் நடுவினின்று விலகிக் கல்பாத்தி ஆற்றின் வடபால் உள்ளது. வாளையாற்றைக் கடந்து நெடுந்தூரம் ஆகாவிடினும், கடைப் பலகைகளின் எழுத்து மாறிவிட்டது; காதில் விழும் மொழியும் மாறிவிட்டது. பொழுதை வீணாக்காது ஊரைக் கண்டு திரும்புவோமென வெளியே வந்தோம். சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கல்பாத்திக்கு வழி வினவினோம்.

நாம் தமிழிற் கேட்டோம். அவர் மலையாளத்தில் விடையிறுத்தார். நேரே சென்று, பாலம் கடந்து, "இடத்தோட்டு திரியணும்" என்றார். நம் வழக்கில் திரிதல் என்பது இலக்கின்றி அலைதல்; அவர் வழக்கில் அது திரும்புதல். நாம் விழிப்பதைக் கண்ட அவர் எழுந்து, சாலை வரை உடன்வந்து, கையை நீட்டித் திசை காட்டினார். நாம் யார், எவ்வூர், என்ன குலம் என அவர் ஒன்றும் வினவவில்லை.

அவர் காட்டிய வழியே சென்று கல்பாத்தித் தேர்வீதியை அடைந்தோம். விசுவநாதர் கோயிலை அடுத்த அக்கிரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாய் நிற்கின்றன. திண்ணையொன்றில் தமிழ்ப் பேச்சுக் கேட்டது. அயலூரில் தாய்மொழியைக் கேட்டால் மகிழ்ச்சி பிறப்பது இயல்பு. ஆயினும் அம்மகிழ்ச்சியோடு அத்தெருவின் பழைய வரலாறும் நம் நினைவிற்கு வந்தது.

1924 ஆம் ஆண்டில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் அவ்வாண்டே. அப்போது சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், எவ்வகுப்பினரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கத் தடையில்லை என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். அது நிறைவேறியது, அரசாங்க உத்தரவும் பிறந்தது. எனினும் அவ்வாண்டு நவம்பர் மாதத் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தி வீதியிற் புகுந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். பின்னர் அவர்களுட் சிலர், சமயம் மாறினாலேனும் தெரு திறக்குமோ என ஆரிய சமாஜத்தைத் தழுவினர். தாளின்மீது திறந்த வழி தரையின்மீது உடனே திறக்கவில்லை.

அக்காலத்தில் வழி கேட்டவனுக்கு முதலிற் கிடைத்தது விடையன்று, "நீ யார்?" என்னும் எதிர்வினாவே. அவனுக்குரியது நேர்வழியா, சுற்றுவழியா என்பதை அவன் குலமே முடிவு செய்தது. தமிழ் பேசும் தெருவாயிருந்தும், தாழ்த்தப்பட்ட தமிழனுக்கு அத்தமிழ் வழிவிடவில்லை. வேற்று மொழி பேசிய முதியவரோ நம்முடன் நடந்து வந்து வழிகாட்டினார். ஆகவே, மனிதனை மனிதனுக்கு அயலானாக்குவது மொழியன்று. மனமே என அறிக.

இக்காலத்திற் கைப்பேசியின் வரைபடமே வழி காட்டுகின்றதே, பிறரைக் கேட்பானேன் எனச் சிலர் வினவலாம். அக்கருவி நம் குலத்தைக் கேட்பதில்லை, அது நன்றே. ஆயினும் இன்று அது ஒரு தெருவை யாவர்க்கும் பொதுவென வரைந்து காட்டுவது, அடிபட்டும் அத்தெருவில் நடந்தோர் முன்னர் இருந்தமையாலன்றோ? தெருவைத் திறந்தது கருவியன்று, மனிதரே.

பகவன் புத்தர் சாவத்தியில் கணகமொக்கல்லானர் என்னும் பிராமணருக்கு அறமுரைக்கையில், ராஜகிருக நகருக்குச் செல்லும் வழியையே உவமையாக எடுத்தாண்டார். வழியை ஒரேவிதமாகக் கேட்டறிந்த இருவருள் ஒருவன் நகரைச் சேர்கிறான். மற்றவன் தவறிப் போகிறான். காட்டுவது காட்டுவோன் கடன். நடப்பது நடப்போன் கடன் என்பது அதன் கருத்து. அங்கே வழி கேட்டவர் கற்றறிந்த பிராமணர். அதே ராஜகிருகத்து வீதியில் குப்பை அகற்றி வாழ்ந்த சுனீதரோ, பகவனைக் கண்டு அஞ்சி ஒதுங்கி நின்றவர். அவருக்குக் காட்டப்பட்டதும் அவ்வழியே, சுற்றுவழியன்று.

இவ்வறத்தைத் தழுவியோம் எனப் பெருமை கொள்ளும் நாம் நம்மையே சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். வடநாட்டுத் தொழிலாளி ஒருவன் கையிற் சீட்டோடு நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வழி கேட்கையில், அவன் உடையைக் கண்டு முகம் திருப்புகின்றோமா? குமுளியிலும் போடிமெட்டிலும் ஏலத்தோட்ட வேலைக்காக மலையேறும் நம்மவர், அங்கே தம்மிடம் பிறர் எவ்வாறு பேசவேண்டுமென விரும்புவரோ, அவ்வாறே நாமும் அவனிடம் பேசுகின்றோமா? பெயரை மாற்றிக்கொண்டு பழைய எதிர்வினாவை மட்டும் நாவில் வைத்திருப்போமாயின், நாம் மாறியது எங்ஙனம்?

நாம் உரிய நேரத்தில் நிலையம் திரும்பினோம். நன்றி கூறலாமெனத் தேடினோம். முதியவர் சுமையோடு சென்றுவிட்டிருந்தார். அவருக்கு நாம் பட்ட கடனை இனி அவரிடமே தீர்த்தல் இயலாது. அடுத்து நம்மிடம் வழி கேட்டு வருபவன் எவனோ, அவனிடமே அதனைத் தீர்ப்போமாக. அவன் யாரென வினவாது, சாலை வரை உடன்செல்வோமாக.