உடன் அமர்ந்து உண்ணும் அறம்

திருமணமான இருவர், வாரத்திற்கு ஒருமுறையோ திங்களுக்கு ஒருமுறையோ, தமக்குப் பழகிய ஓர் உணவகத்திற்குச் சென்று எதிரெதிரே அமர்ந்து உண்டு திரும்புகின்றனர். இது நல்ல வழக்கமா, வீண் வழக்கமா? கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் இல்லறத்தில் யார் அமர்கிறார், யார் நிற்கிறார் என்னும் பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

கெடிலக் கரையிலுள்ள திருவதிகையிலும் இவ்வழக்கம் வேர்விட்டுவிட்டது. வேலை முடிந்த மாலையில் பண்ருட்டிப் பேருந்து நிலையத்தருகே ஒரு சிற்றுண்டிக் கடை. விடுமுறை நாளில் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ மீன் குழம்புச் சாப்பாடு. சிதம்பரம் வரை போனால் இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும். இளையோருக்கு இது இயல்பு. மூத்தோர் சிலருக்கோ மனக்குறை. “வீட்டில் அடுப்பு இருக்க வெளியில் ஏன் கைநனைக்க வேண்டும்?” என்கின்றனர். அவர்கள் கேள்வியை எள்ளி நகையாடுதல் முறையன்று. உழைத்துச் சேர்த்த காசின் அருமை அறிந்தவர்கள் அவர்கள்.

முதலில் வீட்டு உணவை எண்ணிப் பார்ப்போம். தமிழ் மரபில் மனைவியின் அன்பு பெரிதும் பரிமாறும் கையின் வழியாகவே பேசப்பட்டது. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் தலைவி தானே சமைத்ததைத் தலைவன் சுவைத்து உண்கிறான். அதைக் கண்டு அவள் முகம் மலர்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகி தன் கையால் சமைத்துக் கோவலனுக்கு இலையிட்டுப் படைக்கிறாள். அவன் உண்டு முடித்த பின்னரே அவளை அருகழைத்து, தன்னால் அவள் பட்ட துன்பத்தை எண்ணி வருந்திப் பேசுகிறான். அதுவே அவர்களின் கடைசி உணவு. இரு காட்சிகளும் அழகியவை. இரண்டிலும் அன்பு உண்மையானது. ஆனால் இரண்டிலும் ஒருவர் உண்கிறார், மற்றவர் பார்த்திருக்கிறார். சேர்ந்து உண்ணும் காட்சி அங்கு இல்லை.

அந்த நிலை இன்னும் முற்றாக மாறிவிடவில்லை. நடுவண் அரசு 2019ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களோ 97 நிமிடங்களே செலவிடுகின்றனர். ஏறத்தாழ ஐந்து மணி நேர உழைப்பின் முடிவில், எல்லோரும் உண்டு எழுந்தபின், எஞ்சியதை அடுக்களையில் தனியே உண்ணும் தாயை நம்மில் பலர் அறிவோம். அதைத் தியாகம் என்று போற்றிவிட்டு நாம் கைகழுவப் போய்விடுகிறோம்.

இந்நிலையில் உணவக மேசை ஒரு புதிய ஒழுங்கைத் தருகிறது. அங்கே இருவருக்கும் ஒரே உயரத்து நாற்காலி. ஒரே சூட்டில் உணவு. “உனக்கு என்ன வேண்டும்?” என்ற கேள்வி அவளிடமும் கேட்கப்படுகிறது. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்ததையே நாள்தோறும் சமைக்கும் ஒருத்திக்குத் தன் நாவின் விருப்பமே மறந்திருக்கக்கூடும். பரிமாற எழ வேண்டியதில்லை என்பதால் பேச்சும் இடையில் அறுவதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலில், தம்பதியர் ஒருவருக்கொருவர் நேரம் ஒதுக்கிப் பொறுமையோடு செவிமடுக்க வேண்டும் என வலியுறுத்தினார். அந்நேரம் சிலருக்கு வீட்டிலேயே வாய்க்கலாம். பலருக்கு வாய்ப்பதில்லை.

இந்த மேசை எளிதில் கிடைத்ததன்று என்பதையும் நினைவிற்கொள்வோம். ஒரு காலத்தில் நம் ஓட்டல்களில் பெண்கள் அமர்வதற்கென்று திரை தொங்கும் ‘பேமிலி ரூம்’ தனியே இருந்தது. சாதியின் திரையோ அதனினும் தடித்தது. உணவகங்களுக்குள் நுழைய யாரையும் சாதி, சமயம், பால் காரணமாகத் தடுத்தல் ஆகாது என 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு வெளிப்படையாகக் கூறவேண்டியிருந்தது. அதன் பின்னரும், 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் போராட்டம் நடத்த நேர்ந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக் கொடுமையை நாடு மறந்துவிடவில்லை. ஆகவே, எவரும் எவருடனும் அமர்ந்து உண்ணும் பொது மேசை என்பது போராடிப் பெற்ற உரிமை.

இனி, மூத்தோரின் மறுப்புக்கு வருவோம். செலவு என்பது உண்மைதான். கடன்பட்டு உண்பதும், பிறர் காண உண்பதும், பிள்ளையின் கல்விக் கட்டணத்தை ஒதுக்கிவிட்டு உண்பதும் அறமாகா. ஆனால் இருவர் அமர்ந்து பேச விலையுயர்ந்த விடுதி தேவையில்லை. இட்லியும் காப்பியும் தரும் சிறு கடையே போதும். ஒரே கடைக்கு மீண்டும் மீண்டும் செல்வதில் ஒரு நன்மையும் உண்டு. புதுச் சுவையைத் தேடி அலையும் மனம் உணவின் மீதே நிற்கும்; பழகிய இடத்திலோ உணவைப் பற்றிய கவலை நீங்கி, எதிரில் இருப்பவர் மீது கவனம் செல்லும். அப்படி அமர்ந்த பின்னும் ஆளுக்கொரு கைப்பேசியில் மூழ்கியிருந்தால், மூத்தோர் சொன்ன ‘வீண்செலவு’ என்னும் சொல்லே பொருந்திவிடும். வீட்டில் முதிய பெற்றோர் இருந்தால், அவர்களுக்குரிய உணவைக் கவனித்தபின் புறப்படுவதும் கடமை.

எனினும் இவற்றினும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சியுள்ளது. வீட்டில் நின்றவள் இங்கே அமர்ந்துவிட்டாள். அப்படியானால் இங்கே நிற்பவர் யார்? இலை போடும் இளைஞர், மேசை துடைக்கும் முதியவர், உள்ளே கல்லின் முன் வேகும் மாஸ்டர், பாத்திரம் துலக்கும் பெண். நம் ஓய்வு அவர்களின் கால்வலியின் மீது அமைகிறது. தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2021இல்தான் திருத்தம் செய்யப்பட்டது. அமர்வதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், அதுவரை நின்ற கால்களை எண்ணிப் பாருங்கள்.

இதனால் வெளியில் உண்பதையே விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை, அது அவர்களின் பிழைப்பையும் கெடுக்கும். ஆனால் உண்பவருக்கும் சில கடமைகள் உண்டு. “டேய்” என்று விளிக்காதிருத்தல், கடை அடைக்கும் நேரத்தில் போய் அமராதிருத்தல், இலையில் உணவை வீணாக்காதிருத்தல், பரிமாறியவருக்கு இயன்றதைத் தந்து நன்றி கூறுதல், வழக்கமாகச் செல்லும் கடையில் பணியாளர் அமர ஒரு முக்காலியேனும் உண்டா என்று உரிமையாளரிடம் இன்சொல்லால் கேட்டல். அடிக்கடி வரும் வாடிக்கையாளரின் சொல்லுக்குக் கடையில் மதிப்பு உண்டு. பழகிய கடை என்பதன் பொருள் இதுவாகவும் இருக்கட்டும்.

இறுதியாக, வீடு திரும்பிய பின் என்ன நிகழ்கிறது என்பதே இவ்வழக்கத்தின் உரைகல். ஒருநாள் விருந்தளித்துவிட்டேன் என்ற நிறைவில், எஞ்சிய இருபத்தொன்பது நாளும் முன்போலவே அவளை நிற்கவைத்தால், அந்த விருந்து ஒரு கைக்கூலியே. மாறாக, மறுநாள் காலை கணவன் ஒரு தட்டை எடுத்து அவளுக்கும் பரிமாறி, அவள் அமரும்வரை காத்திருந்தால், உணவகத்தில் கற்றது வீட்டிற்கு வந்துவிட்டது எனலாம்.

இதற்கு முன்மாதிரியைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. திருவதிகைக் கோயிலைப் பெருக்கி மெழுகித் தொண்டு செய்தவர் திலகவதியார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் தம்பி திருநாவுக்கரசரோ உழவாரத்தைக் கையில் ஏந்தி, கோயில்தோறும் சென்று முற்றங்களைத் திருத்தியவர். தமக்கையின் துடைப்பத்தைத் தாழ்வென்று எண்ணாத தம்பியின் ஊர் இது. தொண்டு பெண்ணுக்கு மட்டும் உரியதென்று இந்த மண் நமக்குச் சொல்லித் தரவில்லை.