தராசை நிறுப்பது எது?

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுவை தினசரிக் காட்சி. கொக்கியில் சாக்கு தொங்கும், முள் ஓடி நிற்கும், சாக்குப் பாரத்துக்கும் ஈரத்துக்குமென்று கொஞ்சம் கழியும், மிஞ்சியது பேரில் விழும். "தராசு சரிதானா?" என்று வரிசையில் யாராவது கேட்டால் அது கூலித் தகராறாகிவிடுகிறது. தத்துவத்தில் அது மிகப் பழைய வழக்கு.

எதையும் அளவையால்தான் அறிகிறோம் என்றால், அந்த அளவையை எதால் அறிவது? இன்னொன்றால் என்றால் அதற்கும் ஒன்று வேண்டும். பௌத்தரான நாகார்ச்சுனர் 'விக்கிரக வியாவர்த்தனி'யில் போட்ட பிடி இது. கௌதமரின் நியாய சூத்திரம் இந்த வழக்கில் காட்டும் உதாரணம் தராசேதான். பொன்னை நிறுக்கும்போது தராசு அளவை. எடை தெரிந்த பொன்னை வைத்துச் சோதிக்கும்போது தராசே அளக்கப்படும் பொருள்.

சைவர்களும் இதைத் தள்ளிவைக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றி வாதிடுமுன் அளவைகளைப் பேசி முடிக்கிறது.

இன்றைய கருவிகளிலும் வழக்கு ஓயவில்லை. மோட்டாரின் சுற்றுவேகம் பார்க்கும் ஒளிவகை டாக்கோமீட்டரை எடுத்துக்கொள்ளலாம். தண்டில் ஒளிர்பட்டை ஒன்றுக்கு இரண்டாக ஒட்டியிருந்தால் வேகத்தை இரு மடங்காகக் காட்டும். கைதேர்ந்த மெக்கானிக் கருவியைப் பழைய சோக் வைத்த டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுங்கும். நிமிடத்துக்கு 6000 வந்தால் கருவியை நம்பலாம். அந்த 50 சரியா என்று நாகார்ச்சுனர் விடமாட்டார். சந்தேகம் வந்தால் அதையும் சோதிப்போம், வராதவரை வேலை நடக்கட்டும் என்பார் நியாய மரபினரான நையாயிகர்.

வேத மரபினரான மீமாம்சகர் வழி வேறு. அறிவு தன்னளவிலேயே செல்லும், தப்பென்று தெரியும்வரை நம்பலாம் என்பார். வேதத்துக்கு அது அரண். தோட்டத்துத் தராசும் அந்த வழியில்தான் ஓடுகிறது. தப்பென்று காட்டும் பொறுப்பு கொழுந்தெடுக்கும் பெண்ணின் தலையில், காட்டுவதற்கான படிக்கல் மட்டும் அவரிடம் இல்லை. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன்படி தராசில் முத்திரை என்றோ ஒரு நாள் குத்தப்பட்டது. நிறுவையோ தினமும் நடக்கிறது. சாக்கு ஏறுமுன் 10 கிலோ படிக்கல் ஒன்றை வரிசையில் நிற்கும் எவரும் கொக்கியில் மாட்டிப் பார்க்கலாம் என்றிருந்தால், தராசும் தினம் ஒருமுறை அளக்கப்படும் பொருளாகிவிடும்.