வயிற்றுக்குள் இன்னொரு துடிப்பு

சுண்டெலியின் கழுத்துத் தோலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரு விரல்களை அடிவயிற்றில் மெல்லப் பதித்தால் துடிப்பு தெரிகிறது. அதன் சொந்த இதயம் மார்புக்குள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது. வயிற்றில் துடிப்பது வேறோர் எலியின் இதயம்.

1973-இல் பாஸ்டனில் கோரி, வின், ரஸல் ஆகிய மூவர் வெளியிட்ட முறை இது. கொடை இதயத்தின் பெருந்தமனியை வயிற்றுப் பெருந்தமனியோடும், நுரையீரல் தமனியைக் கீழ்ப்பெருஞ்சிரையோடும் இணைக்க வேண்டும். நுண்ணோக்கியில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைக்கிறார்கள். ரத்தம் உள்ளே வந்து இதயத் தசையை நனைத்துவிட்டு, வலப்பக்க அறைகள் வழியாக வெளியேறிவிடும். உடலுக்காக அந்த இதயம் எதையும் இறைப்பதில்லை; நின்றுபோனாலும் எலி சாவதில்லை. ஆகவே ஓர் உறுப்பு நிராகரிக்கப்படுவதை, உயிர் போகாமல், நாள்தோறும் விரல்நுனியில் பின்தொடர முடிகிறது.

பால்ப்-சி வகை எலியின் இதயம் பிளாக்-6 வகை எலிக்குள் மருந்தில்லாமல் ஏழெட்டு நாள் துடிக்கும். பிறகு உறுப்பு இறுகும். துடிப்பு மங்கும். ஒரு காலையில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது.

*

இதயத்தை மாற்றிவைத்தோம் என்கிறோம். உண்மையில் வீட்டைக் குடியிருப்பவர்களோடு சேர்த்துப் பெயர்த்து வைத்திருக்கிறோம். கொடையாளியின் நோயெதிர்ப்புச் செல்கள் அந்தத் தசைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. 1990-இல் லார்சன், மாரிஸ், ஆஸ்டின் மூவரும் எலிகளில் காட்டியது இது: மாற்றிவைத்த இதயத்திலிருந்து டென்ட்ரிடிக் செல்கள் சில நாட்களுக்குள் கிளம்பி, பெற்ற எலியின் மண்ணீரலுக்குப் போய், அங்குள்ள, அயலானதை எதிர்க்கும் டி செல்களுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அயல் உறுப்பு வந்திருக்கிறது என்ற செய்தியை அந்த உறுப்பிலிருந்து வந்தவர்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் நிராகரிப்பைப் படையெடுப்பு என்று எழுதக் கை வருவதில்லை.

*

மாற்றிவைத்த உறுப்பை எடுத்துப் பொடியாக நறுக்கி, கொலாஜனேஸ் நொதியில் 37 டிகிரியில் ஊறவைத்து, சல்லடையில் வடிகட்டினால் செல்கள் தனித்தனியே பிரிந்து வரும். ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள். முதலாவது, நீ யாருடைய செல்? எல்லா வெள்ளணுக்களின் மேலும் சிடி45 என்ற புரதம் உண்டு. அது சற்றே மாறுபட்ட வடிவத்தில் அமைந்த எலிகளை வளர்த்து வைத்திருப்பதால், கொடுத்த எலியின் செல் ஒரு நிறத்திலும் பெற்ற எலியின் செல் வேறு நிறத்திலும் ஒளிரச் செய்யலாம்.

இரண்டாவது, நீ எங்கே நின்றிருந்தாய்? இதற்கான உபாயம் மிக அழகானது. எலியின் உயிரை முடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, ஒளிரும் எதிர்ப்பொருளை அதன் ரத்தத்தில் செலுத்துகிறார்கள். ரத்தக் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த செல்கள் ஒளி பூசிக்கொள்ளும். திசுவுக்குள் இறங்கிவிட்டவை இருட்டாகவே இருக்கும். ஒளிராதவைதான் உள்ளே குடியேறியவை.

அந்தச் சில நிமிடங்களில் அறையில் பேச்சை நிறுத்திவிடுகிறேன். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமல்ல.

*

பில்லிங்ஹாம், பிரென்ட், மெடவார் 1953-இல் செய்த சோதனையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கருவிலிருக்கும் எலிக்குட்டிகளுக்கு வேறு வகை எலியின் செல்களை ஏற்றினார்கள். அவற்றில் சில வளர்ந்த பிறகு, அந்த வகையின் தோலை ஒட்டியபோது தன் தோலாகவே ஏற்றுக்கொண்டன. உலகம் இதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசும் வந்தது. எனக்கு அதன் மறுபாதிதான் பெரிது. அப்படி ஒட்டி நலமாயிருந்த தோலைச் சுமந்த எலிக்கு, அதே அயல் தோலை ஏற்கெனவே நிராகரித்த தன்னின எலியின் நிணநீர்க்கணுச் செல்களைக் கொடுத்தார்கள். தோல் அழிந்தது. தோல் மாறவில்லை, எலியும் மாறவில்லை. வேறொரு வரலாறு கொண்ட செல்கள் வந்தன, அவ்வளவுதான்.

நம் ஆய்வக எலிகளுக்கோ அப்படி ஒரு வரலாறே இல்லை. வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய தீவனம். கடையில் விற்கும் எலிகளோடு சேர்த்து வளர்த்தால் அவற்றின் டி செல்கள் வளர்ந்த மனிதரின் செல்களை ஒத்துவிடுகின்றன என்று மினசோட்டாவில் மசோபஸ்ட் குழு 2016-இல் காட்டியது. அயல் உறுப்பை ஏற்றுக்கொள்வதில் கூண்டு எலியில் எளிதாகக் கைகூடும் சகிப்பு, எத்தனையோ தொற்றுகளைக் கண்ட மனித உடலில் கைகூடாததற்கு இது ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

*

கல்லீரலை இன்னும் எழுதவில்லை. இதயத்தை ஒரு வாரத்தில் தள்ளிவிடும் எலி, அதே வகைக் கொடையாளியின் கல்லீரலைப் பெரும்பாலும் மருந்தே இல்லாமல் வைத்துக்கொள்கிறது. இத்தனைக்கும் கல்லீரலோடு வரும் அயல் செல்கள் இதயத்தோடு வருபவற்றைவிட மிக அதிகம். சற்றுப் பெரிய இன ஆய்வக எலிகளில், கொடையாளிக்கு முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்து அந்தச் செல்களை அழித்துவிட்டு மாற்றியபோது, கல்லீரலும் நிராகரிக்கப்பட்டது. இதயத்தில் செய்தி சொல்லிச் சண்டையைத் தொடங்கிய அதே கூட்டம், இங்கே எண்ணிக்கையில் பெருகி வந்ததால் எதிர்க்க வந்த டி செல்களைக் களைப்படையச் செய்கிறதா, அல்லது வேறு ஏதாவது செய்கிறதா? அடுத்த சில மாதங்களுக்கு எனக்கு இந்தக் கேள்வி போதும்.