வெள்ளைத் துணி

என்ஜினைப் பிரித்து சிலிண்டரை ஹோனிங் செய்தபின் சுவரில் தேய்ப்புக்கல்லின் நுண்பொடி ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்கும். இந்தப் பொடியை முழுசா எடுக்காது. சோப்பும் சுடுதண்ணீரும் விட்டு பிரஷ்ஷால் தேய்க்கணும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் கறை படக்கூடாது. பட்டால் மறுபடியும் தேய்க்கணும். உலர்ந்த கையோடு எண்ணெய் பூசாவிட்டால் வார்ப்பிரும்பு துருவேறும்.

இதைச் செய்யாமலும் மூடிவிடலாம். வண்டி ஓடும். ரிங்கும் பேரிங்கும் தேய்வது பிறகுதான். அப்போது யாரையும் கைகாட்ட முடியாது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில், அணிந்தவனை மறைத்துவிடும் கைஜீஸின் மோதிரம் வருகிறது. பிடிபடவே மாட்டோம் என்றால் ஒருவன் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அங்கே கேள்வி.

பட்டறையில் அந்த மோதிரம் யார் கையில்? பெரும்பாலும், புதிதாகச் சேர்ந்த, குறைந்த கூலி வாங்கும் பையன் கையில். என் மென்பொருள் வேலையிலும் பழைய கோடைச் சுத்தம் செய்வது ஜூனியர் தலையில்தான் விழுகிறது. யாரும் பார்க்காத வேலைக்குத்தான் நேர்மை அதிகம் வேண்டும்; அதைத்தான் நாம் மலிவாக வாங்குகிறோம். அப்புறம் பசங்களுக்கு அக்கறையே இல்லை என்கிறோம். அக்கறைக்கு நேரம் வேண்டும். 'சாயங்காலமே வண்டி வேணும்' என்று வாசலில் நின்று அந்த நேரத்தைப் பிடுங்குவது யார்? துணியில் படியும் கறையில் நம் பங்கும் இருக்கிறது.