எய்தவன் யார் என்று தெரியாமல்

நோயின் மூலம் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா? திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காரணத்தையும் ஆராய்ந்து செய்யச் சொல்கிறது. புத்தரின் அம்புக் கதையோ வேறு பக்கம் நிற்கிறது: எய்தவனின் குலமும் ஊரும் தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்பவன், தெரிந்துகொள்ளும் முன்பே செத்துப்போவான். இந்த வழக்கில் இதய உறை அழற்சி நல்ல சாட்சி. மூச்சை இழுத்தால் குத்தும், படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தணியும் நெஞ்சுவலி, ஸ்டெதாஸ்கோப்பில் புதுத் தோல்செருப்பு கிறீச்சிடுவதுபோல் ஓர் உராய்வு, ஈ.சி.ஜி.யில் பரவலான மாற்றம்; எக்கோ பரிசோதனையில் உறைக்குள் நீர். இந்த நான்கு அடையாளங்களில் இரண்டு இருந்தால் நோய் உறுதி என்பது பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்ட அளவுகோல். நான்கில் எதுவுமே காரணத்தைச் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை காரணம் தெரிவதே இல்லை. வைரஸாக இருக்கும் என்று ஊகிப்பதோடு சரி. ஆனாலும் ஆஸ்பிரின் அல்லது இபுப்ரூஃபன், கூடவே கோல்ச்சிசின் என்ற சிகிச்சையில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். 240 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வில், கோல்ச்சிசின் சேர்க்காதவர்களில் 37.5 சதவீதம் பேருக்கு நோய் தீராமல் நீடித்தது அல்லது திரும்பி வந்தது. சேர்த்தவர்களில் அது 16.7 சதவீதம்தான். ஆக, மூலம் தெரியாமலே முறையாகச் செயல்பட முடியும்.

அப்படியானால் காரணம் தேடுவதே வீணா என்று கேட்கலாம். வீணில்லை. உறையைத் தாக்கியது காசநோய் என்றால், வீக்கத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக் காத்திருப்பவர் நோயாளியின் உயிரோடு விளையாடுகிறார். அதனால்தான் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மெல்ல மெல்லத் தொடங்கிய நோய், நிறைய நீர், ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டும் கேட்காத நிலை என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். காரணம் தெரிந்தால் மருந்து மாறுமா என்பதே இங்கே கேள்வி. மாறும் என்றால் தேடுவது கடமை. மாறாதென்றால் அந்தத் தேடல் ஆராய்ச்சிக்கு உதவும், படுக்கையில் கிடப்பவருக்கு உதவாது. நீர் தேங்கி இதயத்தை நெருக்கும்போது சிகிச்சை வேறு, தேடல் வேறு என்ற பிரிவினையும் மறைந்துவிடுகிறது. மருத்துவர் முதலில் ஊசியால் நீரை எடுத்து உயிரைக் காப்பாற்றுகிறார். எடுத்த அதே நீர் ஆய்வகத்துக்குப் போய் எய்தவனைக் காட்டிக்கொடுக்கக்கூடும். காசநோய் மலிந்த நம் நாட்டில், ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதும் முன் மார்பு எக்ஸ்ரேயையாவது பார்த்துவிட வேண்டும்.