22 நிமிடம்

2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வின் நடுவே நிற்கிற எண் இது. சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளுக்காக மருந்து நிறுவனங்கள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் கொடுத்திருந்த 13 பரிசோதனைகளைச் சேர்த்து எடைபோட்டார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையை விழுங்கியவர்களைவிட நிஜ மாத்திரையை விழுங்கியவர்கள் சராசரியாக 22 நிமிடம் முன்னதாகத் தூங்கியிருக்கிறார்கள். இந்த எண் பெரிதா சிறிதா என்று தீர்மானிக்க முடியவில்லை. பகலில் ரேஷன் கடை வரிசையில் 22 நிமிடம் போவதே தெரியாது. இரவு ஒன்றரை மணிக்கு, காலை ஐந்துக்கு எழ இன்னும் எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணுகிறவருக்கோ அது ஒரு யுகம்.

போலி மாத்திரையை விழுங்கியவர்களுக்கும் ஓரளவு பலன் கிடைத்தது என்பது அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தி. ஏதோ ஒன்றை விழுங்கிவிட்டோம், இனி நம் கையில் இல்லை என்ற நிம்மதிக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும். தூக்கம் வராததைவிட, வராமல் போய்விடுமோ என்ற பயம்தானே பல இரவுகளைத் தின்கிறது. ஆனால் அந்த நிம்மதிக்கு விலை உண்டு. 1992இல் அனுமதி பெற்ற சோல்பிடெமின் அளவைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக அந்த நிர்வாகம் குறைத்தது 2013இல்தான். மறுநாள் காலை வண்டி ஓட்டும் நேரத்திலும் மருந்து ரத்தத்தில் மிஞ்சியிருந்ததே காரணம். அரை மாத்திரை போதும் என்று சொல்ல இருபது வருடம் ஆகியிருக்கிறது. அல்பிரசோலம் வகை மாத்திரைகளை நெடுநாள் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், போன தூக்கமின்மை முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வரலாம். முதியவர்கள் இரவில் எழுந்து தடுமாறி விழும் அபாயமும் கூடுகிறது.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டியது. அந்தப் பயிற்சியின் ஒரு விதி வேடிக்கையானது: படுத்து ஏறத்தாழ 20 நிமிடத்தில் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்துபோய் உட்கார், கண் சொக்கும்போது திரும்பி வா. படுக்கை என்றாலே புரளும் இடம் என்று உடம்பு கற்றுவைத்திருக்கும் பாடத்தை அழிப்பது அதன் நோக்கம். மாத்திரை மிச்சப்படுத்தித் தருகிற அதே அளவு நேரத்தைத்தான் பயிற்சி முழித்த கண்ணோடு எதிர்கொள்ளச் சொல்கிறது. இதைச் சொல்வது சுலபம், செய்து பார்த்தால் தெரியும் என்பார்கள். சரிதான். பயிற்சியின் இன்னொரு விதி படுக்கையில் இருக்கும் நேரத்தையே சுருக்குவது; அதனால் முதல் சில வாரங்கள் தூக்கம் இன்னும் குறையலாம். விடியற்காலைப் பேருந்தை ஓட்டுகிறவரிடம் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. பயிற்சி தருகிறவர்களும் எல்லா ஊரிலும் இல்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் மாத்திரைச் சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும். இந்த ஆட்சேபங்கள் மாத்திரை ஏன் இவ்வளவு எளிதில் கைக்கு வருகிறது என்பதைத்தான் விளக்குகின்றன. மாதக்கணக்கில் அது ஏன் கையிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

குறுந்தொகையின் ஆறாம் பாட்டு, பதுமனார் பாடியது, இந்த இடத்தில் வந்து குறுக்கே நிற்கிறது. நள்ளிரவில் ஊர் பேச்சடங்கி உறங்குகிறது, தான் மட்டும் உறங்கவில்லை என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவள் துயரத்தில் பாதி, மற்றவர்கள் உறங்குவது. அந்தப் பாட்டு இதை நோய் என்று சொல்லவில்லை. அவள் விழிப்புக்குக் காரணம் பிரிவு. வள்ளுவரோ மடியின்மை அதிகாரத்தில், கெடுவோர் விரும்பி ஏறும் மரக்கலங்களில் ஒன்றாகத் துயிலையும் சேர்க்கிறார். அதிகம் தூங்குகிறவனைத் திட்டிப் பழகிய நமக்கு, தூங்க முடியாதவரிடம் என்ன சொல்வது என்று தெரிவதில்லை. 'மாத்திரைக்கு அடிமையாகாதே, மனசைத் திடப்படுத்திக்கொள்' என்று அவரிடமும் உபதேசம்தான் செய்கிறோம். திடமனது இருந்தால் தூக்கம் வரும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. தூங்கியே தீருவேன் என்ற பிடிவாதம் தூக்கத்தை விரட்டத்தான் செய்யும்.

ஆகவே மாத்திரை போடுவது குற்றமில்லை. துக்க வீட்டின் முதல் வாரத்துக்கு, மருத்துவர் சொன்ன அளவில், நிறுத்தும் தேதியையும் முதல் நாளே குறித்துக்கொண்டு போடலாம். மதுவோடு கூடவே கூடாது. உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அது வேறு நோய், அதற்கு வேறு வைத்தியம். இதுவரை கணக்கு சரியாக வருகிறது. வட்டி கட்ட வழியில்லாமல் விழித்திருப்பவரிடம் வரும்போது இடறுகிறது. அவர் விழிப்புக்குக் காரணம் மூளையில் இல்லை, கடன் பத்திரத்தில் இருக்கிறது. பயிற்சி அதை அடைக்காது, மாத்திரையும் அடைக்காது. என்றாலும் அந்த 22 நிமிடம் அவருக்குக் கொஞ்சம் இளைப்பாறலாக இருக்குமானால், வேண்டாம் என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது? கொடுக்கலாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.